மொண்டேவீடியோவில் எங்களுக்கு ஒருவரும் இல்லை

நானும் கணவரும் நிறைய நாடுகளுக்குப் போயிருக்கிறோம். பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, ரொறன்ரோ, சிட்னி என்று வாயால் சொல்லும்போது பெரிய உல்லாசப் பயணிகள் மாதிரித்தான் இருக்கும். உண்மையில் அந்த ஊர்களில் எனக்குத் தெரிந்தவை சோபாக்கள் மட்டுமே. சூரிச்சில் பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபா. ஒஸ்லோவில் உட்கார்ந்தால் எழும்ப முடியாத சோபா. பாரிஸில் அந்தப் பேர்பெற்ற கோபுரத்தைப் பார்த்தேன்தான். கல்யாண மண்டபத்துக்குப் போகும் வழியைச் சின்னம்மாவின் மருமகன் தவறவிட்டபோது, கார் யன்னலுக்குள்ளால் கொஞ்ச நேரம் தெரிந்தது.

எங்கள் ஆட்களின் பயணமுறை அது. ஒரு நாட்டுக்குப் போவதென்றால் அங்கே ஒரு வீட்டுக்குப் போவது. கல்யாணம், பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஏதோ ஒன்று இருக்கும். விமானத்தால் இறங்கியவுடன் ஒரு வீடு, மறுநாள் அந்த வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போகும் இன்னொரு வீடு, அங்கே சந்தித்தவர் "எங்கட வீட்டை வராமல் போறியளோ" என்று கோபித்ததால் மூன்றாவது வீடு. எல்லா வீட்டிலும் ரீ, அதோடு பொரித்த ரோல்ஸ், பற்றிஸ். எல்லா வீட்டிலும் மகனுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்ற கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் நான் கண்டம் விட்டுக் கண்டம் பறந்திருக்கிறேன்.

போன வருடம் மருந்துக்கடை வேலையை விட்டேன். விட்ட கையோடு கணவரிடம் சொன்னேன், எனக்கு ஒரு கிழமை, ஏழே ஏழு நாள், வேண்டும் என்று. எங்களைத் தெரிந்த ஒருவர்கூட இல்லாத ஊரில் ஒரு கிழமை. யாருக்கும் மாமி இல்லை, யாருக்கும் மச்சாள் இல்லை, யாருடைய குசினியிலும் வெங்காயம் வெட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. வாழ்க்கையில் அதுவரை நான் எனக்கென்று அடம்பிடித்துக் கேட்டது அந்த ஒன்றுதான். கணவர் எதிர்க்கவில்லை. அவருக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான்.

"ஒருத்தரும் இல்லாத இடத்தில போய் என்ன செய்யிறது?"

"சும்மா இருக்கிறது."

"சும்மா இருக்கிறதெண்டால் வீட்டில இருக்கலாமே?"

உலகப் படத்தை மேசையில் விரித்தேன். ஐஸ்லாந்து என்றேன். தன்னோடு படித்தவனின் தம்பி அங்கே சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறான் என்றார். பொட்ஸ்வானா என்றேன். "எங்கட கணக்கு வாத்தியார் போன இடமெல்லோ? பிள்ளையள் இப்பவும் அங்கதான்" என்றார். நான் விரல் வைத்த இடமெல்லாம் ஒரு தமிழரை நட்டுக்கொண்டே வந்தார், முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. கடைசியில் தென்னமெரிக்காவின் கீழ்ப்பக்கத்தில் சின்னதாக ஒட்டிக்கொண்டிருந்த உருகுவேயில் விரலை வைத்தேன். அவர் யோசித்தார். ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் போன் எடுத்து விசாரித்தார். பின்னேரம் பரீட்சையில் கோட்டைவிட்ட முகத்தோடு வந்து, "ஒருத்தரும் இல்லையாம்" என்றார். நான் உடனேயே மொண்டேவீடியோவுக்கு ரிக்கற் போட்டேன்.

இதற்குள் செய்தி மச்சாளுக்குப் போய்விட்டது. மச்சாள் என்றால் கணவரின் அக்கா. புருஷன் இறந்தபின் மகன் குடும்பத்தோடு, தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். காலையில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவார், மத்தியானம் சமைப்பார், மிச்ச நேரத்தில் போனில் இருப்பார். லண்டன் தமிழரில் யார் எங்கே போகிறார், யார் எங்கே விழுந்தார் என்பது முதலில் அவருக்குத்தான் தெரியும். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை, மச்சாள்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய நகரப் பக்கம் நடந்தால் கடையெல்லாம் இழுத்துச் சாத்தியிருந்தது. குதிரைமேல் ஒரு சிலை, அதன்மேல் புறாக்கள், கீழே படுத்திருந்த ஒரு நாய். ஒரு நாட்டின் தலைநகரம் அது. கணவர் நடுச்சதுக்கத்தில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "இஞ்ச என்ன, ஊரடங்கோ?" என்றார். தெருவோரமெல்லாம் லண்டனில் நிற்கிற அதே பட்டை உரிந்த பிளேன் மரங்கள். "உந்த மரத்தை எங்கட பஸ் தரிப்பிடத்திலயே பாத்திருக்கலாம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. காதுக்குள் இவ்வளவு காலமாக ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு மெஷினை யாரோ நிறுத்திவிட்டது போல இருந்தது.

மறுநாள் காலை ஹோட்டல் வாசலில் நின்ற கணவரைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பையோடு வந்தார். உள்ளே அப்பிள், முந்திரிகைப்பழம் என்று நாங்கள் சொல்லும் திராட்சை, பெரிய பிஸ்கற் பெட்டி ஒன்று.

"உதென்ன?" என்றேன்.

"வெறுங்கையோடை போகேலாதெல்லோ."

"எங்க போகேலாது?"

அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புது ஊர், காலைநேரம், எதிரே ஒரு பழக்கடை. கால் தானாகப் போயிருக்கிறது, கை தானாக வாங்கியிருக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வீடு இல்லை என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது. நான் தெருவில் நின்று சிரித்தேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பையை அறையில் வைக்கவும் மாட்டேன் என்று நாள் முழுக்க நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரிந்தார்.

தமிழரைத் தேடுவதையும் விடவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் கொஞ்சம் கறுப்பான ஒருவர் வெங்காயம் பொறுக்கிக்கொண்டு நின்றார். கணவர் நைசாகப் பக்கத்தில் போய், யாரிடமும் இல்லாமல், உரத்த குரலில், "வெங்காயம் என்ன விலை விக்குது!" என்று தமிழில் சொன்னார். அந்த மனிதர் மரியாதையாக விலகி வழிவிட்டார். மத்தியானம் பீட்சாக் கடையில் பீட்சாவின்மேல் மஞ்சளாக ஒரு ரொட்டியை வைத்துக் கொடுத்தார்கள். அவர் ஒரு கடி கடித்துவிட்டுக் கண்ணை அகல விரித்தார். "கடலைமா! இஞ்சரும், இது கடலைமா. எங்கட ஆள் ஒருத்தன் எப்பவோ இஞ்ச வந்திருக்கிறான்." மாட்டிறைச்சி தின்னாத எங்களுக்கு அந்த ஊரில் அந்த ரொட்டிதான் தெய்வம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குள்ளும் ஒரு சொந்தக்காரனைத் தேட வேண்டுமா?

பின்னேரம் கடற்கரைக்குப் போனோம். கடல் என்று நான்தான் சொல்கிறேன். அது ஆறு. மறுகரை தெரியாத, பால் குறைந்த தேநீர் நிறத்தில் ஒரு ஆறு. அதன் ஓரமாக ஊரின் நீளத்துக்கும் நடைபாதை போகிறது. வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில், தூண்டில்காரர்கள் நிற்கிற இடத்துக்கு நேரே, உட்கார ஒரு கல் வாங்கு இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் ஒரு கிழவி. நாங்கள் மற்றப் பக்கத்தில் அமர்ந்தோம். அந்த ஊரில் கிழவர், குமரர் எல்லாரும் கக்கத்தில் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தலை இடுக்கிக்கொண்டு திரிவார்கள். சுரைக்குடுவை போன்ற சின்னக் கிண்ணத்தில் ஏதோ இலைத்தூளைப் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி, உலோகக் குழாயால் உறிஞ்சுவார்கள். மாத்தே என்று பெயர். கிழவி தான் உறிஞ்சியபின் திரும்பத் தண்ணீர் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"எச்சில்" என்று கணவர் வாய்க்குள் முணுமுணுத்தார்.

நான் வாங்கிக் குடித்தேன். அப்படி ஒரு கைப்பு. கிழவி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அதன்பிறகு மூவரும் சும்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அவருக்கு எங்கள் மொழி தெரியாது, எங்களுக்கு அவருடையது தெரியாது என்பதால் மட்டுமில்லை. கேட்க வேண்டும் என்ற அரிப்பே அந்த முகத்தில் இல்லை. எங்கிருந்து வந்தாய், ஏன் வந்தாய், எத்தனை பிள்ளைகள், ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒருத்தி இருக்கிறாள், இருக்கட்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. துக்கத்தில் இல்லை. இவ்வளவு வயதுக்குப் பிறகு முதல்முறையாக நான் யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாத ஒரு இடத்தில் இருந்தேன், அது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கணவரால்தான் தாங்க முடியவில்லை. எழும்பினார். பையிலிருந்து பிஸ்கற் பெட்டியை எடுத்து, அதன்மேல் முந்திரிகைப்பழத்தை வைத்து, இரண்டு கையாலும் கிழவியிடம் நீட்டினார். கிழவி திகைத்து, பிறகு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நாள் முழுக்கச் சுமந்ததை ஒரு வழியாக ஒப்படைத்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில். சிரிப்புத் தாங்காமல் நான் அதைப் படம் எடுத்தேன். எங்களுக்கு வினை அந்தப் படத்தில்தான் இருந்தது.

மிச்ச நாட்கள் முழுக்கப் பின்னேரங்களில் அந்த வாங்குக்குத்தான் போனோம். கிழவி சில நாள் வந்தார், சில நாள் வரவில்லை. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

லண்டனுக்கு வந்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஆறேழு பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் ஆசையோடு படங்களைக் காட்டினேன். ஆறு, மரங்கள், மூடிய கடைகள், வெளிச்சவீடு. அவர்கள் விரலால் தள்ளித் தள்ளிக்கொண்டே போனார்கள். "ஆக்களைக் காணேல்லை?" என்றார் ஒருவர். எங்கள் ஆட்களுக்குப் படம் என்றால் வரிசையாக நிற்கும் சொந்தக்காரர். கடைசியில் ஒரு படத்தில் எல்லா விரலும் நின்றன. வாங்கில் வெள்ளைக்காரக் கிழவி, மடியில் பழமும் பிஸ்கற் பெட்டியும். எதிரே என் கணவர், இரண்டு கையையும் நீட்டியபடி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

மச்சாள் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவிலிருந்து என் அக்கா அழுதுகொண்டு போன் எடுத்தார். "எனக்கும் மறைச்சுப்போட்டியே? கூடப்பிறந்தவளுக்கு ஒரு சொல்லுச் சொல்லக் கூடாதே?"

"என்னத்தையக்கா மறைச்சன்?"

"பெடியனுக்கு அங்க சம்பந்தம் பேசிப் பழமும் குடுத்துப்போட்டு வந்திருக்கிறியள். வெள்ளைக்காரியெண்டால் என்ன, நாங்கள் வேண்டாமெண்டு சொல்லப் போறமே?"

எங்கள் ஆட்களின் கணக்கு எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒருவருமில்லாத ஊருக்கு யாரும் போவதில்லை. போனார்கள் என்றால் மறைக்க ஏதோ இருக்கிறது. மறைக்க இருக்கிறதென்றால் அது மகனுடைய விஷயமாகத்தான் இருக்கும். கையில் பழம் கொடுக்கும் படமும் இருக்கிறது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கண், காது, மூக்கு வைத்துக் கதை பாரிஸ்வரை போய்விட்டது. அடுத்தடுத்த நாட்களில் எங்கள் வீட்டு மணி அடித்தபடி இருந்தது. அப்பிளும் முந்திரிகைப்பழமுமாக வந்து சோபாவில் இருந்து, "நல்ல காரியம்தானே, ஏன் ஒளிக்கிறியள்?" என்றார்கள். ரீ ஊற்றி ஊற்றி என் கை ஓய்ந்தது. லீட்ஸில் வேலைசெய்யும் மகனுக்கு யாரோ வாழ்த்து அனுப்பிவிட்டார்கள். "அம்மா, ஆர் யூ சீரியஸ்? எனக்கு உருகுவே எங்க இருக்கெண்டே தெரியாது!" என்று கத்தினான். சும்மா இருக்கப் போன ஒரு கிழமைக்கு இவ்வளவு விலை.

அதற்குப்பிறகு கணவர் செய்ததுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அநியாயம். மகனின் கோபத்துக்குப் பயந்து, கோயில் கார் நிறுத்துமிடத்தில் நின்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். சம்பந்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. மொண்டேவீடியோவில் எங்களுக்கு ஒரு மாமா இருக்கிறார். அந்தக் காலத்தில் கப்பலில் போனவர் அங்கேயே கல்யாணம் முடித்துத் தங்கிவிட்டார். அந்தக் கிழவி அவருடைய மனைவி. சுகமில்லாத மாமாவைப் பார்க்கத்தான் போனோம்.

ஊர் ஒரே நாளில் அடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னபோது நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஆரின்ரை பக்கத்து மாமா?"

"உம்மடை பக்கம்."

"ஏன் என்ரை பக்கம்?"

"என்ரை பக்கமெண்டால் அக்காவுக்குத் தெரிஞ்சிடுமெல்லோ?"

என் அக்காவுக்குத் தெரியாதா என்று கேட்க நினைத்தேன். கேட்க வேண்டி வரவில்லை. அடுத்த நாள் அக்காவே போன் எடுத்து, "ஓமடி, அப்பா ஒருக்கா ஆரோ கப்பல்காரரைப் பற்றிச் சொன்னவர்தான். எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். இல்லாத மாமாவுக்கு ஞாபகமும் வந்துவிட்டது. இதை மாற்றிச் சொல்லுங்கள் என்று கணவரிடம் கெஞ்சினேன், சண்டை பிடித்தேன். ஆளைச் செத்ததாகச் சொல்லி முடித்துவிடலாமா என்றுகூடக் கேட்டேன். அவர் பதறிப்போனார்.

"விசரே உமக்கு? செத்தாரெண்டால் துக்கம் விசாரிக்க வருவினம்."

அதுவும் உண்மைதான். மாமாவைச் சாகவும் விட முடியாது. ஆக, வாழ்க்கையில் எனக்கென்று கேட்டு வாங்கிய அந்த ஒரு கிழமை போய்விட்டது. அது இப்போது சுகமில்லாத ஒரு மாமாவைப் பார்க்கப்போன கிழமை. சூரிச் மாதிரி, ஒஸ்லோ மாதிரி, இன்னும் ஒரு சோபா. அதை நினைக்க நினைக்க எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

மச்சாளின் பேத்திக்குப் பிறந்தநாள் வந்தது. அவர்கள் வீட்டில் ஒரு அறை நிறைய ஆட்கள். என் கணவரைச் சுற்றி ஒரு கூட்டம், அவர் மாமாவின் சீனி வருத்தத்தைப் பற்றி விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கால் விரலில் புண்ணாம், ஆறவில்லையாம். மச்சாள் எனக்கு ரோல்ஸ் தட்டை நீட்டியபடி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார், "நல்ல மனம் வேணும். வருத்தக்காரரைப் பாக்கவெண்டு எவ்வளவு தூரம் போயிருக்கினம்."

திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். என்னைப் புகழ்ந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அங்க மாமாவும் இல்லை, மாமியும் இல்லை" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "இவர் சொன்னது முழுப்பொய். அந்த மனுசி ஆரெண்டே எங்களுக்குத் தெரியாது."

கணவர் கையில் பற்றிஸ் அப்படியே நின்றது.

"அப்ப அங்க ஆர்தான் இருக்கினம்?" என்று கேட்டார் மச்சாள்.

"ஒருத்தரும் இல்லை. நான் இருந்தனான். ஒரு கிழமை நான் இருந்தனான், மச்சாள். அதுக்குத்தான் போனனான்."

பிறகு யாரோ கேக் வெட்டலாம் என்றார்கள், எல்லாரும் தேவைக்கு அதிகமான உற்சாகத்தோடு பாடினார்கள். வீட்டுக்கு நடந்து வந்தோம். வாசலில் கணவர் கதவுத் திறப்பைத் தேடிக்கொண்டே, "நானும் அங்க இருந்தனானெல்லோ" என்றார். அவர் சொன்ன விதத்தில் எனக்கு அவர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. "ஓம், நீங்களும் இருந்தனீங்கள்" என்றேன்.

மறுநாள் காலை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு மச்சாள் வந்தார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். முதலில் என் கண்ணில் பட்டது அவர் கைகள். வெறுங்கை. இத்தனை வருடத்தில் மச்சாள் ஒரு வாழைப்பழமாவது இல்லாமல் எங்கள் படியேறியதில்லை. கோட்டைக் கழற்றாமலே சோபாவின் நுனியில் அமர்ந்தார்.

"அந்தப் படத்தைக் காட்டும்."

போனைக் கொடுத்தேன். விரலால் பெரிதாக்கினார். கிழவியைப் பார்க்கவில்லை. தம்பியையும் பார்க்கவில்லை. வாங்கில் காலியாக இருந்த பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் படம் எடுக்க எழும்பிய இடம் அது.

"இந்த மனுசி உம்மட்ட ஒண்டும் கேக்கேல்லையோ?"

"இல்லை."

"பிள்ளையள் எத்தினை, புருஷன் என்னத்தில செத்தது, இப்ப ஆரோடை இருக்கிறீர், அதுகள் வடிவாப் பாக்குதுகளோ... ஒண்டும்?"

"ஒண்டும் கேக்கேல்லை, மச்சாள்."

நான் வைத்த ரீ ஆறிக்கொண்டிருந்தது. மச்சாளும் எங்களோடு பாரிசுக்கும் ஒஸ்லோவுக்கும் வந்தவர்தான். மடியில் ஒரு பேரப்பிள்ளை, கையில் பால் போத்தல், போன வீடெல்லாம் அதே கேள்விகள். உலகத்துச் செய்தி முழுவதையும் போனில் அள்ளுகிற அவரிடமும் எல்லாரும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அது எனக்கு அந்த நிமிடம்வரை தோன்றவேயில்லை.

"அந்த வாங்கு எந்தப் பக்கம்?" என்றார்.

வெளிச்சவீட்டைச் சொன்னேன். தூண்டில்காரர்கள் நிற்கிற இடத்தைச் சொன்னேன். அவர் தலையாட்டி மனதில் வாங்கிக்கொண்டார். சொல்லச் சொல்ல எனக்குள் ஒரு எரிச்சல் கிளம்பியது. இவர் போய் அதில் இருந்துவிட்டால் மொண்டேவீடியோவிலும் எங்கள் ஆள் ஒருவர் இருந்ததாக ஆகிவிடும். உலகப் படத்தில் என் விரலுக்கு மிஞ்சியிருந்த கடைசி இடமும் போய்விடும். ஆனாலும் இந்த வயதில் அவரை அவ்வளவு தூரம் தனியே அனுப்ப மனம் வரவில்லை. ஒரு பெருமூச்சோடு சொன்னேன்.

"சரி மச்சாள், நானும் உங்களோடை வாறன்."

மச்சாள் போனைத் திருப்பித் தந்துவிட்டு எழும்பினார்.

"உம்மை ஆர் கூப்பிட்டது?" என்றார்.